பிடரியில் ஆபரேஷன்: வேண்டுமா, வேண்டாமா?

தலைவலி என்று சொன்னால் நம் வீடுகளில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வெயில், பித்தம், தூக்கம் போதவில்லை, தலைக்குக் குளித்து ஈரம் சரியாகக் காயவில்லை என்று ஆளுக்கு ஒரு காரணம் கைவசம் இருக்கும். சுக்கை உரைத்துப் பத்துப் போட்டுக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். இந்தக் கட்டுரை அந்தத் தலைவலியைப் பற்றியது இல்லை. இருமினால், தும்மினால், வாய்விட்டுச் சிரித்தால், குனிந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால், பிடரியில் பளீரென்று ஒரு வலி வெட்டும். பத்து எண்ணுவதற்குள் வந்த சுவடே தெரியாமல் போய்விடும். எனக்கு வந்தது அந்த வலி. சகோதரிகளே, உங்களில் யாருக்காவது இது இருந்தால் கொஞ்சம் நின்று படியுங்கள்.

எனக்கு வயது நாற்பத்தெட்டு. திண்டுக்கல்லில் இருக்கிறோம். என் கணவர் இரும்புக் கடை வைத்திருக்கிறார். 2021 ஆகஸ்டில் இந்த வலியோடு கழுத்து இறுக்கமும் சேர்ந்துகொள்ளவே, எங்கள் குடும்ப டாக்டர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார். மதுரையில் எடுத்தோம். ரிப்போர்ட்டில் 'கியாரி, முதல் வகை' என்று போட்டிருந்தது. சிறுமூளையின் டான்ஸில் ஒன்பது மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கிறதாம். என் மாமியாருக்குக் கோபமே வந்துவிட்டது. "டான்ஸில் தொண்டையில இருக்கறது. தலையில எங்கருந்து வந்துச்சு? வேற யாரு ஸ்கேனையாவது மாத்திக் குடுத்துட்டாங்களா பாரு" என்றார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. தொண்டையில் இருப்பதைப் போலவே உருண்டையாக, சிறுமூளையின் அடியில் இரண்டு பக்கமும் இரண்டு நுனிகள் இருக்கின்றன. அவற்றுக்கும் டாக்டர்கள் அதே பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். மண்டையோட்டின் அடியில் ஒரு பெரிய துவாரம் உண்டு. மூளையிலிருந்து தண்டுவடம் அதன் வழியாகத்தான் முதுகுக்குள் இறங்குகிறது. என்னைப் போன்றவர்களுக்குப் பின்மண்டையில் சிறுமூளை இருக்கும் அறை பிறவியிலேயே கொஞ்சம் சின்னதாக அமைந்துவிடுகிறது. இடம் போதாமல் அந்த நுனிகள் துவாரத்துக்குள் இறங்கி நிற்கின்றன. ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தால் கியாரி என்று சொல்லுவது வழக்கம்.

இறங்கினால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஒரு தெளிந்த நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. எந்த நேரமும் நம் உடம்பில் சுமார் 150 மில்லி, ஒரு சின்ன டம்ளர் அளவு, இருக்கும். ஆனால் ஒரு நாளைக்குச் சுமார் அரை லிட்டர் சுரந்து சுரந்து வடிகிறது. நாம் இருமும்போது அது மேலும் கீழும் போய்வர வேண்டும். தொட்டி முற்றத்தின் சாக்கடை வாயில் துணி அடைத்துக்கொண்டால் எப்படியோ, அப்படி இந்த நுனிகள் துவாரத்தை அடைத்துக்கொள்ள, அழுத்தம் பிடரியில் வந்து மோதுகிறது. அதுதான் அந்த மின்னல் வலி.

ஹான்ஸ் கியாரி என்ற ஆஸ்திரிய டாக்டர் பிராக் நகரில் வேலை செய்தபோது, 1891இல் இதைப் பற்றி எழுதினார். இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்துத்தான் அவர் கண்டுபிடித்தார். உயிரோடு இருக்கிறவர்கள் தலைக்குள் இதைத் தெளிவாகப் பார்க்க எம்.ஆர்.ஐ. வரும்வரை, அதாவது 1980களுக்குப் பிறகுவரை, காத்திருக்க வேண்டியதாயிற்று. நம் பாட்டிமார்களில் எத்தனை பேர் இதை வைத்துக்கொண்டே வாழ்ந்து முடித்தார்களோ!

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு முதலில் பார்த்த டாக்டர், ஐந்து நிமிஷம் படத்தைப் பார்த்தார். "ஆபரேஷன் பண்ணிடலாம், அடுத்த வாரம் வந்து அட்மிட் ஆயிடுங்க" என்றார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது என் கணவர் கையில் இருந்த கவர் நடுங்கியது. கடையில் ஒரு டன் கம்பியை அசையாமல் எடைபோடுகிற மனிதர்! அவர் கேட்டது ஒன்றுதான். "இன்னொருத்தர்கிட்டயும் கேட்டுட்டு முடிவு பண்ணலாமா?"

இந்த விஷயத்தில் நான் அடித்துச் சொல்லுவேன். மூளைக்கு ஆபரேஷன் என்று வந்தால், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதவரை, இன்னொரு நரம்பு அறுவை நிபுணரின் அபிப்பிராயத்தைக் கேட்பது முதல் டாக்டரை அவமதிப்பதாகாது. நல்ல டாக்டர்கள் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதும் இல்லை.

இரண்டாவதாகப் பார்த்தவர் வயதில் இளையவர். ஸ்கேன் படத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, "முதல்ல நீங்க சொல்லுங்கம்மா" என்றார். எனக்கு இரண்டு விதமான தலைவலி இருப்பது அவர் கேட்டபோதுதான் எனக்கே தெளிவாயிற்று. ஒன்று இருமல் வலி. மற்றொன்று நெற்றிப்பொட்டில் விண்விண்ணென்று தெறித்து, குமட்டி, விளக்கு வெளிச்சம் பிடிக்காமல் அரைநாள் படுக்கப் போடும் ஒற்றைத் தலைவலி. "இந்த ரெண்டாவது மைக்ரேன். ஆபரேஷன் பண்ணினாலும் இது போகும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். முதல் வலிதான் கியாரி வலி. அது பெரும்பாலும் நல்லா குறையும்" என்றார். எல்லா வலியும் போய்விடும் என்று நம்பி ஆபரேஷனுக்குப் போகிறவர்கள்தான் பிறகு ஏமாந்து நிற்கிறார்களாம்.

படத்தில் இருக்கும் மில்லிமீட்டரை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது என்றும் விளக்கினார். வேறு எதற்காகவோ ஸ்கேன் எடுத்து, கியாரி இருப்பது தற்செயலாகத் தெரியவந்து, ஒரு தொந்தரவும் இல்லாமல் இருக்கிறவர்கள் நிறைய. அவர்களுக்குக் கத்தி தேவையில்லை. கவனித்து வந்தால் போதும். அப்புறம், தலைக்குள் நீரழுத்தம் வேறு காரணத்தால் ஏறியிருந்தாலும், எங்கேயாவது நீர் கசிந்து குறைந்திருந்தாலும்கூட இந்த நுனிகள் இறங்கலாம். அப்போது வைத்தியமே வேறு. அதனால் கண் டாக்டரிடம் அனுப்பி, கண்ணின் பின்புற நரம்பு வீங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். வீக்கம் இல்லை.

பிறகுதான் அவர் என் கைகளைப் பார்த்தார். இடது கையில் சுட்டுவிரல் ஓரமாக ஒரு பழைய கொப்புளத் தழும்பு. "இது எப்போ சுட்டது?" எனக்கு நினைவில்லை. சமையல்கட்டில் இதெல்லாம் ஒரு கணக்கா? சொல்லப்போனால் எங்கள் வீட்டில் அது பெருமையாகவே இருந்தது. அடுப்பிலிருந்து குக்கரையும் பால் பாத்திரத்தையும் பிடிதுணி இல்லாமலே இறக்கி வைப்பேன். "எம் மருமகளுக்குக் கை பழகிடுச்சு" என்று மாமியார் வந்தவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். பஞ்சால் தொட்டார், தெரிந்தது. இரண்டு கண்ணாடிக் குழாய்களில் வெந்நீரும் குளிர்ந்த நீரும் வைத்து மாற்றி மாற்றித் தொட்டார். வலது கையில் சரியாகச் சொன்னேன். இடது கையில், "சூடா, ஜில்லா?" என்று கேட்கக் கேட்க எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. தொடுகிறார் என்று தெரிகிறது. சூடா குளிர்ச்சியா என்று மட்டும் தெரியவில்லை! அந்த அறையில்தான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

முதுகுத்தண்டு முழுவதற்கும் இன்னொரு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். கழுத்துப் பகுதியில் தண்டுவடத்தின் நடுவிலேயே ஒரு நீர்ப்பை இருந்தது. மேலே வழி அடைபட்டதால் நீர் உள்ளே தேங்கிக் குழாய் போல நீண்டிருக்கிறது. 'சிரிங்ஸ்' என்பார்கள்; கிரேக்க மொழியில் குழல் என்று அர்த்தமாம். சூட்டையும் வலியையும் மூளைக்குச் சொல்லும் நரம்பிழைகள் தண்டுவடத்தின் நடுவில்தான் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் குறுக்கே போகின்றன. நடுவில் பை விரிந்தால் முதலில் அறுபடுவது அவைதான். தொடுவுணர்ச்சிக்கு வேறு பாதை, அதனால் அது மிஞ்சுகிறது. கை பழகியதாக நாங்கள் நினைத்தது இதைத்தான்.

ஆனாலும் அந்த டாக்டர் அவசரப்படுத்தவில்லை. பை சிறியது, கையில் பலம் குறையவில்லை, மூன்று மாதம் கவனிப்போம் என்றார். கையைச் சூட்டிலிருந்து காப்பாற்றிக்கொள்ள வேண்டும், கனம் தூக்கக் கூடாது, மலச்சிக்கல் வரவிடக் கூடாது. முக்கியமாக, கழுத்தை யாரும் திருகவோ சொடக்கெடுக்கவோ விடக் கூடாது. (ஒரு உறவினர் கழுத்தை ஒரே திருகில் சரிசெய்பவர் ஒருவரைப் பற்றி ஃபோனில் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் இந்த வியாதிக்காரர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது.)

இந்த மூன்று மாதமும் எங்கள் வீட்டில் ஆபரேஷன் பேச்சுத்தான். மாமியார், "மண்டையைத் திறந்தா மனுஷி திரும்பி வருவாளா? கை மரத்துப் போனா போகட்டும், ரெண்டு கையும் காலும் இருக்கே" என்று அழுதார். நாத்தனார், "அண்ணி, செய்யறதுன்னா சீக்கிரம் செஞ்சிடுங்க, தள்ளித் தள்ளிப் போடாதீங்க" என்றாள். என் கணவர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி ஒரு மணிக்கு ஃபோனை வைத்துக்கொண்டு எதையோ படித்துக்கொண்டிருப்பார். நான் பார்த்தால் அணைத்துவிடுவார்.

அந்த வருஷ தீபாவளிக்கு முறுக்குப் பிழிய உட்கார்ந்தேன். வலது கை அழுத்துகிறது, இடது கை வழுக்குகிறது. மாவுதான் கெட்டி என்று தண்ணீர் தெளித்துப் பிசைந்து மறுபடி பிழிந்தேன். அச்சு ஒரு பக்கமாகச் சாய்ந்து கீழே விழுந்தது. என் மகள் வந்து ஒன்றும் பேசாமல் அச்சை வாங்கிப் பிழிந்து முடித்தாள். மறுநாளே டாக்டருக்கு ஃபோன் செய்து, கேட்ட தேதிக்குப் போனோம். இடது கைப்பிடி பலம் முன்பு எழுதி வைத்ததைவிடக் குறைந்திருந்தது.

"இப்போ என் அபிப்பிராயம் மாறியிருக்கு. செய்யறது நல்லது" என்றார். நான் ஒரு நோட்டில் கேள்விகளை எழுதிக்கொண்டு போயிருந்தேன். முதல் கேள்வி, போன உணர்ச்சி திரும்புமா? "சூடு தெரியறது திரும்பும்னு எதிர்பார்க்காதீங்க. சிலருக்குக் கொஞ்சம் வரும், பலருக்கு வராது. பலம் ஓரளவு தேறலாம். ஆபரேஷன் முக்கியமா, இருக்கறதைக் காப்பாத்தறதுக்கு." செய்யாவிட்டால்? "பை அப்படியே வருஷக்கணக்கா நிக்கலாம். பெருசாகலாம். யாருக்கு எதுன்னு முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனா உங்களுக்கு அது நகர ஆரம்பிச்சிருக்கு." உயிருக்கு ஆபத்து? "ரொம்பக் குறைவு. இல்லவே இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வரவழைத்தது.

என்ன செய்வார்கள் என்பதையும் படம் போட்டுக் காட்டினார். குப்புறப் படுக்க வைத்து, பிடரி நடுவில் நெட்டாகக் கீறி, பின்மண்டை எலும்பில் சுமார் மூன்று சென்டிமீட்டருக்கு மூன்று சென்டிமீட்டர் ஒரு துண்டை எடுத்துவிடுவார்கள். கழுத்தின் முதல் எலும்பின் பின்வளையத்தையும் எடுப்பார்கள். அதற்கு அடியில் மூளையுறை இருக்கிறது. அதைத் திறக்காமலே விடுகிற டாக்டர்களும் உண்டு. அதில் நீர் கசியும் தொல்லை குறைவு. ஆனால் தண்டுவடத்தில் பை இருக்கும்போது உறையையும் திறந்து, ஒட்டு வைத்து அகலப்படுத்துவதுதான் தன் வழக்கம் என்றார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. ரவிக்கை பிடித்தால் தையலைப் பிரித்து, உள்ளே ஒரு துண்டுத் துணி கொடுத்துத் தைப்போமே, அதே வேலை! துணிக்குப் பதில் என் மண்டையோட்டின் மேலிருக்கும் சவ்வையே ஒரு துண்டு வெட்டி வைப்பார்களாம். நான் இதைச் சொன்னதும் டாக்டர் சிரித்துவிட்டு, மற்றவர்களுக்கும் இனிமேல் அப்படியே சொல்லப்போவதாகச் சொன்னார்.

ஆபத்துகளை மறைக்கவில்லை. தையல் வழியே மூளைநீர் கசியலாம், தோலுக்கடியில் நீர் கட்டலாம், கிருமி தொற்றி மூளையுறைக் காய்ச்சல் வரலாம், சிலருக்கு மறுபடி ஆபரேஷன் தேவைப்படலாம். இவ்வளவையும் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

எனக்கு ஒரே தடங்கல் மகளின் பரீட்சை. ப்ளஸ் டூ. 2022 மே மாதத்தில் நடக்கும் என்றார்கள். அது முடியட்டும், ஜூனில் செய்துகொள்கிறேன் என்று மனதுக்குள் தீர்மானித்து வைத்திருந்தேன். ஆறு மாதம் தள்ளினால் என்ன ஆகும் என்று கேட்டதற்கு, "ஒண்ணும் ஆகாம இருக்கலாம். ஆனா அதுக்குள்ள போற பலம் திரும்பாது" என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து இதை மகளிடம் சொன்னேன். அவள் இயற்பியல் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "பரீட்சை எழுதப்போறது என் கைம்மா. உன் கையை நீ பார்த்துக்கோ" என்றாள்.

கொரோனா மூன்றாம் அலை ஓய்ந்ததும், 2022 பிப்ரவரியில் ஆபரேஷன் நடந்தது. கடையின் கணக்கில் இருந்த மருத்துவக் காப்பீடு பாதிக்கு மேல் கொடுத்தது. மீதிக்கு என் இரட்டை வடச் சங்கிலி போயிற்று. முன்கூட்டியே காப்பீட்டு அலுவலரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கி வைத்தது நல்லதாயிற்று. அரசின் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்களும் ஆஸ்பத்திரிக் காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

முடியைப் பற்றி வெட்கப்படாமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் பார்த்த ஒவ்வொரு பெண்ணும் தாழ்ந்த குரலில் கேட்பது அதைத்தான். எனக்கு முழு மொட்டை போடவில்லை. பிடரியில் ஒரு பட்டைதான் மழித்தார்கள். ஜடை போட்டால் மறைந்துவிடும்.

மூன்றரை மணி நேரமாம். எனக்கு ஒன்றும் தெரியாது. கண் விழித்தபோது கழுத்து மரக்கட்டை மாதிரி இருந்தது, குமட்டல் பிடுங்கியது. ஒரு ராத்திரி தீவிர சிகிச்சைப் பிரிவில். ஐந்தாம் நாள் வீடு. நர்ஸ் ஒருவர் மறக்காமல் சொன்னதை நானும் சொல்கிறேன். தையலிலிருந்து தண்ணீர் போல ஏதாவது வடிந்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எனக்குத் தையலுக்கடியில் மெத்தென்று ஒரு வீக்கம் வந்தது. மூன்று வாரம் பயமுறுத்திவிட்டுத் தானாக வடிந்தது.

ஆபரேஷனைவிட வீடு திரும்பிய ஆறு வாரம்தான் நமக்குக் கஷ்டம். குடம், கிரைண்டர் கல், சிலிண்டர், குக்கர் எதையும் தூக்கக் கூடாது. குனிந்து பெருக்கக் கூடாது. நீங்கள் ஆபரேஷனுக்கு முன்பே இதற்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நாங்கள் தரையோடு இருந்த கழிவறையில் மேலைநாட்டு பீங்கான் வைத்தோம். அடிக்கடி எடுக்கும் சாமான்களை இடுப்பு உயரத் தட்டுக்கு மாற்றினோம். அத்திப்பழமும் கீரையும் தினமும்; முக்கினால் தையலுக்கு ஆகாது. மண்டையைத் திறக்கக் கூடாது என்று அழுத மாமியார், எழுபத்திரண்டு வயதில் மாவரைத்து, என் மகளுக்கு டிபன் கட்டி, ராத்திரி எனக்கு ஜடையும் பின்னிவிட்டார். யார் சொன்னதும் அவர் உட்காரவில்லை.

மே மாதம் மகள் பரீட்சைக்குப் போனபோது வாசல்வரை நான் நடந்து போய் அனுப்பினேன்.

ஆகஸ்டில் எடுத்த ஸ்கேனில் நீர்ப்பை பாதிக்குமேல் வற்றியிருந்தது. இருமல் வலி போய்விட்டது. இப்போதும் தும்மல் வரும்போது பழக்கதோஷத்தில் பிடரியைப் பிடித்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். மைக்ரேன் அவர் சொன்னபடியே இருக்கிறது. அதற்குத் தனியாக மாத்திரை சாப்பிடுகிறேன். இடது கைப்பிடி தேறியிருக்கிறது. அந்த இரண்டு விரலுக்குச் சூடு இன்னும் தெரியாது. குளிக்கிற வெந்நீரை வலது கையால் தொட்டுப் பார்க்கிறேன். பிடிதுணி இல்லாமல் பாத்திரம் இறக்குவதே இல்லை.

இதெல்லாம் முடிந்த பிறகு, 2023இல், என் தங்கை மகள் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தாள். ஸ்கேன் எடுத்ததில் அவளுக்கும் கியாரி, ஆறு மில்லிமீட்டர். அப்போது கல்யாணமாகி ஆறு மாதம். சில குடும்பங்களில் ஒருவருக்கு மேல் இது வருவதுண்டாம். உடனே உறவெல்லாம் கூடி, "பெரியம்மா செஞ்சுக்கிட்டா, நீயும் செஞ்சுக்கோ" என்று ஆரம்பித்தார்கள். நானே அவளைக் கூட்டிக்கொண்டு அதே டாக்டரிடம் போனேன். முதுகுத்தண்டு ஸ்கேனில் பை இல்லை. வலி, மரப்பு, தடுமாற்றம், விழுங்கச் சிரமம் ஒன்றும் இல்லை. "இவங்களுக்கு ஆபரேஷன் வேண்டாம். குழந்தை பெத்துக்கலாம். ஆனா பிரசவம் பார்க்கிற டாக்டர்கிட்டயும் மயக்க மருந்து டாக்டர்கிட்டயும் முதல்லயே இந்தப் படத்தைக் காட்டிடுங்க" என்றார். முதுகில் ஊசி போட்டு மரக்க வைக்கும்போது நீர் கசிந்துவிட்டால் இவர்களுக்குச் சிக்கல் வரலாம் என்பதால், அதை முன்கூட்டி யோசித்து வைக்க வேண்டுமாம். தொந்தரவு இல்லாத பலர் சாதாரணமாகவே பிரசவிக்கிறார்கள். யாருக்கு எப்படி என்று டாக்டர்கள் கூடிப் பேசி முடிவு செய்வார்கள்.

அவளும் எட்டாம் மாதத்திலேயே இருவரையும் பார்த்துப் பேசி வைத்திருந்தாள். 2024இல் சுகப்பிரசவம், பெண் குழந்தை. அடுத்த ஸ்கேனுக்கு அவசரமில்லை என்றும், இருமும்போது பிடரி வலித்தாலோ, கை மரத்தாலோ, பாத்திரத்தின் சூடு தெரியாமல் போனாலோ மட்டும் அன்றே வந்துவிட வேண்டும் என்றும் டாக்டர் சொல்லியிருக்கிறார்.